துடைக்கிற துணி

சென்ற ஐப்பசியில் நண்பர்கள் நான்கு பேராகக் குரங்கணிக்குப் போயிருந்தோம். போடிநாயக்கனூரை விட்டு முந்தல் வரையில் வந்து, மூணாறு போகிற மலைப்பாதையில் ஏறாமல் வேறு பக்கம் திரும்பினால், கொட்டகுடி ஆற்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு சாலை நெளிந்து நெளிந்து போய் மலைச் சுவரில் முட்டி நிற்கிறது. அங்கே இருக்கிறது ஊர். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நாலு பேருடைய கண்களும் ஒரே சமயத்தில் தேடியது தேநீர்க் கடையைத்தான்.

கடை என்றால் நாலு கால், மேலே தகரம், விறகடுப்பு, ஒரு பெஞ்சி. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் கடையை நடத்திக்கொண்டிருந்தாள். தோளில் ஒரு துணி. அந்தத் துணியால் எங்களுக்காகப் பெஞ்சியைத் துடைத்தாள். அதாலேயே கொதிக்கிற பாத்திரத்தை இறக்கினாள். அதாலேயே கழுவி வைத்த கண்ணாடித் தம்ளர்களின் ஈரத்தையும் ஒற்றி எடுத்தாள். எங்களில் ஒரு நண்பர் சட்டென்று எழுந்து நின்றார்.

"எனக்கு வேண்டாம். அந்தத் துணியைப் பார்த்தீர்களா? இதைக் குடித்தால் நாளைக்கு ஆஸ்பத்திரிதான்."

மெதுவாகச் சொன்னதாக அவர் நினைத்துக்கொண்டார். மழைக் காற்றில் அது அடுப்பு வரையில் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த அம்மாளுடைய முகம் ஒரு கணம் சுண்டிப் போயிற்று. பிறகு, "மழை நாளுண்ணே, துணி காய மாட்டேங்குது. இருங்க, வேற எடுத்துக்கிர்றேன்" என்று சொல்லி, அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கயிற்றிலிருந்து புகை வாசனையோடு மொறமொறவென்று காய்ந்திருந்த ஒரு வேட்டித் துண்டை உருவினாள். நான்கைந்து துண்டுகள் அங்கே தொங்கிக்கொண்டிருந்தன. நண்பர் அப்படியும் குடிக்கவில்லை. பாட்டில் தண்ணீரைத் திறந்துகொண்டு ஆற்றைப் பார்க்கப் போய்விட்டார்.

நண்பர் சொன்னதில் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். பெஞ்சிக்கும் தம்ளருக்கும் ஒரே துணி என்பது தப்புதான். ஏழை என்பதற்காக அழுக்குக்கு வக்காலத்து வாங்குகிற கதாசிரியர்களின் கூட்டத்தில் நான் சேர்ந்தவனல்லன். ஆனால் இதற்குப் பதினைந்து நாள் கழித்து அதே நண்பர் வீட்டில் எனக்குச் சாப்பாடு. வெகு அருமையான சாப்பாடு. சாப்பிட்டு முடித்து, தட்டை நானே கழுவி வைத்துவிடலாமே என்று சமையற்கட்டுக்குள் நுழைந்தேன். நண்பருடைய மனைவியார் "ஐயையோ, வையுங்கள், வையுங்கள்" என்று பதறினார். அந்தப் பதற்றத்துக்குக் காரணம் மரியாதை மட்டுந்தான் என்று அப்போது நினைத்தேன்.

பாத்திரம் கழுவுகிற தொட்டியின் ஓரத்தில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், இரண்டு விரற்கடைத் தண்ணீரில் ஊறிக்கொண்டு ஒரு ஸ்பாஞ்சு உட்கார்ந்திருந்தது. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். அதன் முதுகிலே ஒட்டியிருந்த பச்சை நார் பாதி உதிர்ந்து, எலி கடித்த தோசை மாதிரி இருந்தது. துவாரங்களில் ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு, இரண்டு பருக்கை. எடுத்துப் பிழிந்தேன். பாசி பிடித்த கிணற்றில் வாளியை விட்டால் எழும்புமே, அந்த வாடை.

குரங்கணி அம்மாளுடைய தோள் துணி என் கண் முன்னால் வந்து நின்றது. அதில் இந்த வாடை இல்லை.

இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். நாவலாசிரியனுக்குச் சமையற்கட்டில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். நாவலாசிரியன் சாப்பிடுகிறவன்தானே?

முதலில் ஒரு கணக்கு. 2017-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஃபுர்ட்வாங்கன் என்ற ஊரிலுள்ள பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த மார்க்கஸ் எகர்ட்டும் அவருடைய சகாக்களும், வீடுகளில் உபயோகத்திலிருந்த 14 ஸ்பாஞ்சுகளை வாங்கி வந்து சோதித்தார்கள். சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு, அதாவது ஒரு கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிதான துணுக்குக்குள், 5,400 கோடி பாக்டீரியாக்கள் வரையில் இருந்தன. உலகத்து மனிதர்கள் எல்லோரையும் எண்ணினாலும் ஆயிரம் கோடி வராது. மனித மலத்தில்தான் இத்தனை நெருக்கமாகக் கிருமிகள் வாழ்வதைப் பார்க்க முடியும் என்று அந்த விஞ்ஞானிகள் கொஞ்சமும் தயங்காமல் எழுதினார்கள். அவற்றில் மொராக்செல்லா என்ற இனத்தைச் சேர்ந்த ஒன்று, சரியாக உலராத துணியில் வருகிற அந்த முடை நாற்றத்துக்கே காரணமானது. நண்பர் வீட்டில் என் மூக்குக்கு எட்டியது அவருடைய சுற்றத்தாராகத்தான் இருக்க வேண்டும்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆயிரக்கணக்கான கோடியில் பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்யாதவை. கிருமி என்றாலே எமன் என்று நினைத்து வீடு முழுக்க மருந்து தெளிப்பவர்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பச்சைக் கறியையோ மீனையோ முட்டையையோ கையாண்டுவிட்டு அதே பஞ்சால் பலகையைத் துடைத்தால், அந்தக் கோடிகளுக்கு நடுவில் நாலு சால்மொனெல்லா உட்கார இடம் கிடைத்துவிடுகிறது. திடகாத்திரமான ஆளுக்கு அதனால் சில நாள் வயிற்றுப் போக்கு. கைக்குழந்தைக்கும் கிழவருக்கும் கர்ப்பவதிக்கும் அது அப்படிப் போய்விடுகிற விஷயமல்ல.

நோயை உண்டாக்கக் கூடியவற்றில் ஒன்றான ஈ-கோலி, வேண்டிய சூடும் ஈரமும் ஆகாரமும் கிடைத்தால், 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் இரண்டாகப் பிளக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு ஸ்பாஞ்சை டப்பாவில் போட்டுவிட்டுப் படுக்கிறீர்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து வருகிறீர்கள். எல்லா வசதியும் அமைந்தால் ஒன்று 1 கோடியே 67 லட்சமாகியிருக்கும். உங்கள் சமையற்கட்டில் அவ்வளவு வசதி இல்லாமல் போகலாம். பாதி வசதி போதாதா?

இது ஏன் பஞ்சில் மட்டும் இப்படி? அமெரிக்காவில் டியூக் பல்கலைக் கழகத்தார் 2022-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். மனிதர்களைப் போலவே கிருமிகளிலும் தனிக்குடித்தனம் விரும்புகிறவை உண்டு, கூட்டுக் குடும்பம் விரும்புகிறவை உண்டு. ஸ்பாஞ்சில் பெரிய துவாரமும் இருக்கிறது, சின்னத் துவாரமும் இருக்கிறது. ஆகையால் இரண்டு ஜாதியாருக்கும் அது வீடு கட்டிக் கொடுக்கிறது. ஆராய்ச்சிசாலைத் தட்டில் வளர்வதைக் காட்டிலும் அதிலே அவை செழிப்பாக வளர்கின்றனவாம். நாம் காசு கொடுத்து வாங்கி வைப்பது பாத்திரம் தேய்க்கிற சாமானையல்ல, ஒரு குடியிருப்பை.

கொதிக்க வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். அதே ஜெர்மானியர்கள் கவனித்த இன்னொரு விஷயம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வப்போது சுத்தப்படுத்தி வந்ததாகச் சொந்தக்காரர்கள் சொன்ன ஸ்பாஞ்சுகளிலும் கிருமிகள் குறைந்தபாடில்லை. சூட்டில் கிருமி சாகாதா? சாகும், சந்தேகமே இல்லை. சாகாமல் மிஞ்சிய கொஞ்சம் பேருக்கு இறந்தவர்களுடைய வீடு வாசல் எல்லாம் சொத்தாகி விடுகிறது. மறுபடியும் ஈரத்திலேயே வைத்தால் சீக்கிரமே வம்சம் தழைத்து விடுகிறது. வாரத்துக்கு ஒரு தரம் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள் என்று அவர்கள் முடித்தார்கள்.

நார்வேக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் ஸ்பாஞ்சையும் பாத்திரம் தேய்க்கிற பிரஷ்ஷையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் வேண்டுமென்றே சால்மொனெல்லாவை ஏற்றிப் பார்த்தார்கள். பிரஷ் இரவோடு இரவாக உலர்ந்து போயிற்று, கிருமிகளும் செத்துக்கொண்டே வந்தன. ஸ்பாஞ்சு உலரவில்லை, அவையும் சாகவில்லை. அவ்வளவுதான் சூட்சுமம். சோப்பல்ல, வாசனையல்ல, விளம்பரத்தில் பூதக் கண்ணாடியை வைத்துக்கொண்டு சிரிக்கிற டாக்டருமல்ல. ஈரம்.

இந்த இடத்தில்தான் எனக்குப் போடிக்காரர்கள் மீது கோபம் வருகிறது. நண்பரின் பூர்வீகம் போடி. அவருடைய தகப்பனார் ஏலக்காய் வியாபாரி. ஈரம் என்றால் என்ன என்று உலகத்துக்கே பாடம் நடத்தக் கூடிய ஊர் அது! செடியிலிருந்து பறித்த பச்சை ஏலக்காயில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதைப் பறித்த கையோடு ஸ்டோருக்குக் கொண்டு போய், தட்டுத் தட்டாகப் பரப்பி, இளஞ்சூட்டில் ஒரு பகல் ஓர் இரவு விடாமல் உலர்த்துகிறார்கள். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் காய் 1 கிலோ காய்ந்த காயாகச் சுருங்குகிறது. நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்கு ஈரம் இறங்கினால்தான் சரக்கு. அதற்கு மேலே நின்றால் பூசணம் பிடித்து மூட்டையோடு போய்விடும். அனுபவமுள்ள வியாபாரி ஒரு கை அள்ளிக் குலுக்கிக் காதருகில் வைத்துப் பார்ப்பார். உள்ளே அரிசி சலசலவென்று பேச வேண்டும். பேசாவிட்டால் விலை பேச மாட்டார். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலத்துக்காக நாட்டின் பல பக்கத்திலிருந்தும் போடிக்கு வந்து உட்காருகிறவர்களுக்கும் இது தெரியும்.

தேயிலைக்கும் இதே கதைதான். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரையில் சின்ன ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு இதே கொட்டகுடிப் பள்ளத்தாக்கில் இறங்கின. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையைக் கொண்டுபோயிற்று. அது போகட்டும். அத்தனை மழைக்கும் பனிக்கும் நடுவில் ஒரு பெட்டிக்குள் ஈரம் புகாமல் இறக்க எத்தனை பாடுபட்டிருப்பார்கள்!

அப்புறம் இலவம் பஞ்சு. போடிப் பக்கத்தில் மலையடிவாரமெல்லாம் இலவ மரம். அந்தப் பஞ்சுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதன் இழையின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருப்பதால் அது தண்ணீரைக் குடிக்காது. தண்ணீரில் போட்டால் மிதக்கும். கப்பற்காரர்கள் உயிர் காக்கும் சட்டைகளுக்குள்ளே இந்தப் பஞ்சைத்தான் திணித்து வைத்தார்கள். தண்ணீரைத் தொடாத பஞ்சு விளைகிற ஊரில் பிறந்தவர், தண்ணீரை விடாத பஞ்சைத் தன் வீட்டுத் தொட்டியில் வைத்துக் கும்பிடுகிறார். பண்டகசாலையில் ஒரு சொட்டு ஈரம் கண்டால் தூங்காத குடும்பம். சமையற்கட்டில் மட்டும் ஊற விட்டிருக்கிறது. காரணம் என்ன? ஏலக்காய் விலை போகிற பொருள். சமையற்கட்டுத் துணிக்கு விலை இல்லை. அது பெண்பிள்ளைகள் சமாசாரம்.

பழைய காலத்து வைதிக வீடுகளில் மடித் துணி உலர்த்துவதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உத்தரத்துக்குக் கீழே உயரமான கொடி. கை படாமல் ஒரு கோலால் துணியை எடுத்துப் போடுவார்கள். அந்த உயரமும் காற்றும் கரித்துணிக்கு என்றைக்காவது கிடைத்ததா? அதற்கு அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. கிழிந்த வேட்டியின் மிச்சம், எண்ணெயும் புகையும் ஏறி எருமைத் தோலாகிற வரைக்கும் அதே ஆணியில் தொங்கும். ஒருவர் தொட்டால் தீட்டு, இன்னொருவர் தொட்டால் தீட்டில்லை என்பதை ஆயிரம் ஆண்டு ஆராய்ந்தோம். துணியில் என்ன ஒட்டியிருக்கிறது என்பதை ஒரு நாள் ஆராய்ந்தோமில்லை. நமக்குச் சுத்தம் என்பது ஆளைப் பற்றிய விஷயமாக இருந்ததே ஒழிய, அழுக்கைப் பற்றியதாக இருந்ததில்லை.

இது பழங்கதை என்று தள்ள முடியாது. நண்பர் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க ஓர் அம்மாள் வருகிறாள். அவளுக்குக் காப்பி கொடுக்கத் தனி தம்ளர். அது உள்ளே வராது; கொல்லைச் சுவர் மேலேயே இருக்கும். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த தேசந்தான் இது. தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி 1955-ல் சட்டம் வந்து எழுபது வருஷமாகியும் கொல்லைச் சுவரிலிருந்து அந்தத் தம்ளர் இறங்கவில்லை. நான் அன்றைக்கு அதைப் பார்த்தேன். குடித்து முடித்ததும் அந்த அம்மாள் அதைக் குழாய்த் தண்ணீரில் தன் கையாலேயே தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறாள். ஸ்பாஞ்சு அதன்மேல் படுவதில்லை. நாள் முழுவதும் வெயில் காய்கிறது. அந்த வீட்டிலேயே கிருமி குறைந்த பாத்திரம் எது என்று யாராவது சோதித்துப் பார்த்தால், என் பந்தயம் அந்தத் தம்ளர் மேல்தான்.

ஆனால் வீட்டில் யாருக்காவது வயிறு சரியில்லாவிட்டால் குற்றவாளி யார்? "அவள் பாத்திரத்தைச் சரியாகத் தேய்ப்பதில்லை." ஐயா, தேய்ப்பதற்கு நீங்கள் அவளிடம் என்ன கொடுத்தீர்கள்? இரண்டு மாதமாக ஊறின ஒரு பஞ்சு! புதிது கேட்டால், "போன மாசந்தானே எடுத்துக் கொடுத்தேன்" என்று பதில் வருகிறது. ஒரு தேநீரும் ஒரு வடையும் சாப்பிடுகிற காசு அது.

1847-ல் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டில் தாய்மார்கள் சாவதற்குக் காரணம் பிணத்தை அறுத்துவிட்டு வருகிற மருத்துவர்களின் கைகளே என்று கண்டுபிடித்து, குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவச் சொன்னார். சாவு மளமளவென்று குறைந்தது. ஆனாலும் பெரிய மனிதர்கள் பலருக்கு ரோஷம் வந்துவிட்டது. கனவானுடைய கையில் அழுக்கு இருக்க முடியுமா? பாவம், அந்த டாக்டர் 1865-ல் ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இறந்தார். என் நண்பரும் கனவான். குரங்கணியில் அடுத்தவள் தோளில் அவர் பார்த்ததைத் தம் வீட்டுத் தொட்டியில் பார்க்கச் சொன்னபோது, "எங்கள் வீட்டிலா?" என்றுதான் முதலில் கேட்டார்.

இந்த விஷயத்தை வேறொரு கூட்டத்தில் சொன்னேன். உடனே ஒரு பெரியவர், "அதற்குத்தான் ஐயா நம் முன்னோர்கள் தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துத் தேய்த்தார்கள். அவர்கள் ஞானிகள்!" என்று மேஜையைத் தட்டினார். இவர்களோடும் எனக்குச் சண்டைதான். தேங்காய் நார் நல்லது. சீக்கிரம் உலரும், இரண்டு நாளில் தூக்கிப் போடலாம், போட்டால் மண்ணோடு மண்ணாகும். பீர்க்கங்காய் நாரும் அப்படியே. விறகுச் சாம்பலில் காரம் இருக்கிறது, பிசுக்கை எடுக்கும். எல்லாம் உண்மை. ஆனால் அது ஞானத்தால் செய்ததல்ல, அது கிடைத்தது, அதனால் செய்தார்கள். அதே முன்னோர்கள் வீட்டுக் கரித்துணியைப் பற்றித்தான் மேலே சொன்னேன். என் பாட்டி நாள் தவறாமல் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து நகக்கண்ணெல்லாம் வெடித்துப் போன கையோடு இருந்தாள். அந்தப் பெரியவர் மேஜையைத் தட்டிய கை வெகு மிருதுவான கை.

மொரீஷியஸ் தீவில், நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போய்க் குடியேறிய அந்த நாட்டில், பல்கலைக் கழகத்தார் ஒரு மாதம் உபயோகித்த 100 சமையற்கட்டுத் துணிகளைச் சேகரித்துச் சோதித்து 2018-ல் முடிவைச் சொன்னார்கள். 49 துணிகளில் பாக்டீரியா வளர்ந்தது. கை துடைக்க, பாத்திரம் துடைக்க, சூடான சட்டியைப் பிடிக்க, மேடையைத் துடைக்க என்று ஒரே துணியை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்ட வீடுகளில் அதிகம். ஈரமாகவே கிடந்த துணிகளில் அதிகம். ஆட்கள் நிறைந்த குடும்பங்களில் அதிகம். ஆக, துணி என்பதாலேயே அது ஸ்பாஞ்சைவிட உத்தமமாகிவிடாது. குரங்கணித் தோள் துணியும் இந்தக் கணக்கில் வருகிறதுதான்.

ஆச்சரியம் என்னவென்றால், இதற்கு நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிகளில், சின்னஞ்சிறு உணவுக் கடைக்காரர்களுக்கென்றே ஓர் அட்டவணை. கை துடைக்க ஒரு துணி, மேடையும் மேஜையும் துடைக்க வேறு துணி. தரை துடைத்த துணி மேஜைப் பக்கமோ பாத்திரத்தின் பக்கமோ வரவே கூடாது. தெளிவாகச் சொல்லியிருக்கிறது. யாருக்கு? தகரக் கூரைக்குக் கீழே மழையில் நனைகிற அந்த அம்மாளுக்கு. என் நண்பருடைய வீட்டுக்கு இல்லை. வீட்டுக்குள் சட்டம் வர வேண்டாம். சட்டம் வந்துதான் ஒருவர் தம் பிள்ளைக்குச் சோறு போடுகிற தட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டுமா? கடைக்காரியை எடை போட ஒரு தராசும் நம்மை எடை போட இன்னொரு தராசும் வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்ல வந்தேன்.

செய்யக் கூடியது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமல்ல. ஸ்பாஞ்சு வேண்டும் என்றால், வேலை முடிந்ததும் பருக்கையில்லாமல் அலசி, ஒட்டப் பிழிந்து, காற்றுப் படுகிற இடத்தில் நிறுத்தி வைப்பது. அந்த டப்பாவைத் தூக்கி எறிவது. நாற்றம் வருகிற வரைக்கும் காத்திராமல் பஞ்சையும் தூக்கி எறிவது. நாற்றம் வந்துவிட்டால் கொதிக்க வைத்துப் பிழைக்க வைக்கப் பார்க்க வேண்டாம். துணியானால், பழைய பருத்தி வேட்டியையோ சேலையையோ பத்துத் துண்டாகக் கிழித்துக்கொண்டால் ஒரு வீட்டுக்குப் போதும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கைக்கு வேறு, மேடைக்கு வேறு. ஓரத்தில் வேறு வேறு நிற நூலில் ஒரு தையல் போட்டுவிட்டால் அடையாளம். கறி, மீன் கழுவின மேடைக்குத் துணியே வேண்டாம், கிழித்துப் போடுகிற காகிதம் போதும். வாரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிஷம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து வெயிலில் உலர்த்த வேண்டும். கொழுக்குமலை மாதிரி 7,000 அடிக்கு மேலே குடியிருக்கிறவர்களுக்குத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அவர்கள் இன்னும் சில நிமிஷம் கூட வைத்துக்கொள்ளலாம். இந்தக் கிருமிகளுக்கு அந்தச் சூடே தாராளம். மழைக் காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது என்றால், அடுப்புக்கு மேலே ஒரு கயிறு. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தப் பல்கலைக் கழகமுமல்ல.

ஆனால் இதையெல்லாம் செய்வது யார் என்ற கேள்வி வரும்போது பேனா கொஞ்சம் தயங்குகிறது. வீட்டுச் சுகாதாரத்தைப் பற்றி எழுதுகிற ஆண்கள் எல்லோரும் "தாய்மார்களே" என்று ஆரம்பிப்பார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பத்து மணிக்குப் படுக்கிறவளுடைய தலையில் இன்னொரு வேலையைச் சுமத்திவிட்டு, தாங்கள் ஒரு சீர்திருத்தம் செய்துவிட்ட திருப்தியோடு தாம்பூலம் போடுவார்கள். நான் எழுதிய நாவல்களில் சமையற்கட்டுகள் நிறைய வருகின்றன. தாளிக்கிற வாசனையை ஒரு பக்கம் முழுக்க வர்ணித்திருக்கிறேன். அத்தனை சமையற்கட்டிலும் ஒரு கரித்துணிகூடக் கிடையாது. எந்தக் கதாநாயகனும் அதைத் துவைத்ததும் கிடையாது. எழுதினவன் துவைத்திருந்தால் அல்லவா கதாநாயகன் துவைப்பான்?

நண்பரிடம், இதை எழுதப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "எழுதுங்கள். பெயர் மட்டும் போட வேண்டாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த டப்பாவை எடுத்துவிட்டோம்" என்றார். தம்ளர் என்ன ஆயிற்று என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். அதற்காக இன்னொரு நாள் அவரோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி கொதிக்க வைப்பது என் வேலை. முதல் வாரமே, கைக்கு அகப்பட்டது என்று பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் அத்தனை துணிகளையும் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு, இந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். நல்ல வேளை, பால்காரர் அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தார்.